ஆண்கள் இல்லாத கடைத்தெரு

இது அவன் உட்காரும் இடம். கம்பளித் துண்டு நடுவில் தேய்ந்து, மயிர் உதிர்ந்து, ஒரு பக்கமாகப் பள்ளம் விழுந்து கிடக்கிறது, அப்படியானால் இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறவன், என் அப்பா மாதிரி, அவரும் இப்படித்தான், தர்பாரில் அத்தனை பேர் குனிந்து நிற்கும்போதும் இடது முழங்கையில் சாய்ந்துகொண்டு காது குடைவார், அன்றைக்கு அவர்தான் ஷா, அரசரை யார் என்ன சொல்ல முடியும். "பேகம், அதில் உட்கார வேண்டாம், அழுக்கு, மெத்தை கொண்டு வர்றேன்," என்று கடையில் இருக்கும் இந்தப் பெண் பதறுகிறாள். இருக்கட்டும் விடு என்று அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்து இவளுக்குப் பயம், பாவம், சற்று முன்புதான் மர்ஜான் ஆகா தொண்டை கிழியக் கத்தினார், ஷாவின் தமக்கை துர்தானா பேகம் வருகிறார், வழி விடுங்கள் என்று, வழியில் யார் இருக்கிறார்கள் விட, நாலைந்து பெண்களும் ஒரு பூனையும். இப்போது கடை வாசலில் வெள்ளிப் பூண் போட்ட கோலை ஊன்றிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். சின்ன வயதிலேயே காயடித்து அந்தப்புரக் காவலுக்கென்று விற்கப்பட்ட மனிதர், என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர், வயசு ஏறிவிட்டது, ஆனால் காது மட்டும் இன்னும் கிழடாகவில்லை. ஏலக்காய் வாசனை வருகிறது, காய்ந்த ரோஜா மொட்டு, பெருங்காயம், எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது. என் மகன் நாள் முழுக்க மூச்சில் இழுக்கும் வாசனை இது. இழுத்துக்கொள், துர்தானா, நெஞ்சு நிறைய இழுத்துக்கொள், உனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

அடி மக்கு, புத்தி கெட்டவளே, இவ்வளவு வயசாகி உனக்கு இது தோன்றவில்லையே. நீ போனால் அவன் எப்படி இங்கே இருப்பான்? ஒரு மாதமாகத் தம்பியின் காலைப் பிடித்து, கடைத்தெரு பார்க்க வேண்டும், நெஞ்சு அடைக்கிறது, சுவர்களையே பார்த்துக் கண் பூத்துவிட்டது என்று அழுது, கடைசியில் தம்பி சிரித்துக்கொண்டே சரி அக்கா என்று சொன்னான், ஷாவுக்கு அன்றைக்கு வேட்டை நன்றாக அமைந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் கண்ணை மூடினால் இந்தக் கடைதான். அவன் தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நான் முகத்திரைக்குள்ளிருந்து பார்ப்பேன், அரைப்படி ஏலக்காய் கொடு என்பேன், நிமிர்ந்து பார்ப்பான். இன்று காலை துப்பாக்கி வெடித்ததும், "குரூக்! குரூக்!" என்று சிப்பாய்கள் தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு ஓடியதும்தான் எனக்கு உறைத்தது. அரண்மனைப் பெண்கள் வெளியே கிளம்பினால் குரூக். வழியில் ஒரு ஆண்பிள்ளை இருக்கக்கூடாது, கடைக்காரர்கள் எல்லாம் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஊருக்கு அப்பால் ஓடிவிட வேண்டும், அவர்கள் மனைவியும் மகளும் வந்து உட்கார்ந்து வியாபாரம் பார்க்க வேண்டும், மீறி எவனாவது கண்ணில் பட்டால் தலை இருக்காது. இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். தெரிந்ததால்தான் தெரியாமல் போயிற்று. சின்ன வயதில் எங்கள் ஊர் இஸ்ஃபஹானில் கடை வைப்பதே பெண்கள்தான் என்று நினைத்திருந்தேன், ரொட்டி சுடுவது, குதிரைக்கு லாடம் விற்பது எல்லாமே பெண்கள், ஆண் என்றால் அப்பா, அண்ணன் தம்பிகள், வைத்தியர், அவ்வளவுதான். ஆட்களோடு இருக்கும் ஒரு தெருவை நான் பார்த்ததே இல்லை. என் கண்ணுக்கு முன்னால் போவதெல்லாம் அந்தத் துப்பாக்கிச் சத்தம்தான், நான் பார்க்கப் போவதை எல்லாம் அது முன்கூட்டியே துடைத்து வைத்துவிடுகிறது. பல்லக்கில் ஏறிய பிறகு இது புரிந்து என்ன பிரயோஜனம், இறங்கி வரவில்லை என்று சொன்னால் ஏன் என்பார்கள். அதுவும் காலையிலேயே கிளம்ப வேண்டும் என்று அடம் பிடித்தது வேறு நான்தான், மதியத்துக்கு என்று முந்தின நாள் தண்டோரா போட்டிருந்தார்களாம், எனக்குப் பொறுக்கவில்லை.

"பேகத்துக்கு என்ன காட்டட்டும்?" என்கிறாள். சகீனாவாம் பெயர். நல்ல பெயர். புருவம் சேர்ந்திருக்கிறது, கன்னத்தில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கிறது, வேலை செய்கிற கை. இவள் என் மருமகள். சொல்லிப் பார்க்கிறேன் உள்ளுக்குள், மருமகள், மருமகள், ஊரில் எல்லா மாமியாரும் கரித்துக் கொட்டுகிற மருமகள், எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. எல்லாவற்றையும் காட்டு, அவசரமில்லை என்கிறேன். இழுப்பறையை ஒவ்வொன்றாக இழுக்கிறாள். எழும்போது இடுப்பில் கையை ஊன்றுகிறாளே, இரு இரு, முழுகாமல் இருக்கிறாயா பெண்ணே என்று கேட்டே விட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். யா அல்லாஹ். "பையன் பிறக்கணும்னு அவருக்கு ஆசை," என்கிறாள் முனகலாக. பிறக்கட்டும், தாராளமாகப் பிறக்கட்டும், மருந்துக் கடைக்காரன் பிள்ளைக்கு என்ன பயம், தொப்புள்கொடியை இழுத்துக் கட்டி, குளிப்பாட்டி, காதில் பாங்கு சொல்லி, ஊரைக் கூட்டி விருந்து வைக்கலாம். எனக்குத்தான் அந்தக் கொடியைக் கட்டக்கூடாது என்று உத்தரவு. ஷாவின் அக்கா தங்கைகளுக்குப் பெண் பிறந்தால் மிட்டாய், ஆண் பிறந்தால் கொடியை அறுத்துவிட்டு முடிச்சுப் போடாமல் விட்டுவிட வேண்டும், ரத்தம் தானாகப் போய்விடும், யாரும் யாரையும் கொன்றதாக ஆகாது. ராஜ ரத்தத்தைக் கத்தியால் சிந்தக்கூடாதாம், என்ன ஒரு மரியாதை. அக்கா மகன் வளர்ந்து நாளைக்குச் சிம்மாசனம் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர்களுக்கு. பிரசவ அறைக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்திருப்பார், காத்திருப்பார், அடுப்பில் தண்ணீர் கொதிக்கக் காத்திருப்பது போல. சனம் பீபிதான் மருத்துவச்சி. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன். கட்டினாள். பல்லால் நூலை இறுக்கிக் கட்டினாள். செத்த பிள்ளை என்று சொல்லி வெளியே ஒரு வெறும் துணி மூட்டை போயிற்று புதைக்க, ரத்தத் துணிக் கூடை ஒன்று போயிற்று துவைக்க, கூடையில்தான் அவன் போனான், அழாமல் இருக்க வாயில் கற்கண்டுத் தண்ணீரில் நனைத்த துணி. முகத்தைக்கூட முழுசாகப் பார்க்க விடவில்லை பாவி. பார்த்தால் கேட்பாய், கேட்டால் மாட்டுவாய் என்றாள். ஒரு காதுதான் பார்த்தேன், கசங்கிப் போய்ச் சிவப்பாக. என் புருஷன், அவர் மார்க்கம் படித்தவர், குழந்தைக்காக ஜனாஸா துவா ஓதிவிட்டு எழுந்து போய்விட்டார், அவர் சாகும்வரை அவருக்கு அது செத்த பிள்ளைதான், இருபது வருஷத்துக்கு மேலே அவர் பக்கத்தில் படுத்திருந்தும் வாய் திறக்கவில்லை நான். எங்கே கொடுத்தாய் என்று சனத்திடம் கேட்கும்போதெல்லாம், தெரியாத வரைக்கும் உன் வாய் உளறாது என்பாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் என் காதில் சொன்னாள், மூலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த மருந்துக் கடை, நஜஃப் என்று கூப்பிடுகிறார்கள், என் அக்கா மகள்தான் பால் வாங்கி ஊட்டி வளர்த்தாள், அவளும் போய்விட்டாள் என்று. நஜஃப். பெயர் வைத்தது யாரோ.

தராசுக் கயிறு கறுத்துப் போயிருக்கிறது, அவன் விரல் பட்டுப் பட்டு. தட்டில் ஒரு ஓரம் நசுங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, ஆனால் ஷாவின் அக்கா தராசைத் தடவினால் மர்ஜான் ஆகா திரும்பிப் பார்ப்பார். எதிர்ப்பக்கம் கண்ணாடி வளையல் கடையில் தம்பியின் இளைய மனைவிகள் கூச்சல் போட்டுச் சிரிக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு நாள் இவர்களுக்கு, சிரிக்கட்டும். உன் புருஷன் எப்படி என்று கேட்கிறேன், குரலை எவ்வளவு அலட்சியமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அலட்சியமாக. "எப்படின்னா பேகம்?" எப்படி என்றால் எப்படிப்பட்டவன், அடிப்பானா, சிடுசிடுப்பானா, கண் என்ன நிறம், காது எப்படி இருக்கும், தூங்கும்போது வாயைத் திறந்து தூங்குவானா, என்ன கொடுத்தால் வேண்டாம் என்பான், எல்லாம் சொல்லேன் பெண்ணே, உட்கார்ந்து விடிய விடியச் சொல்லேன். "வியாபாரத்தில் எப்படி என்று கேட்டேன்," என்கிறேன். அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. "வியாபாரமா? இல்லாதவங்க வந்து நின்னா சும்மா அள்ளிக் கொடுத்துடுவார் பேகம். நான்தான் சத்தம் போடுவேன். ரொம்பப் பிடிவாதம், உடம்புக்கு முடியலைன்னாலும் மருந்து குடிக்க மாட்டார், மருந்துக் கடைக்காரர்!" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. ஏன் வெளுக்கிறது? என்ன சொல்லிவிட்டாள் இப்போது? உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்கிறேன். இல்லை பேகம், அது சும்மா சொன்னேன், என்கிறாள், கண் மட்டும் ஒரு தடவை பின்பக்கம் போய் வருகிறது. பின்பக்கம் சாக்குத் திரை. சுமை இறக்கும் அறையாக இருக்கும். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அரண்மனை ஆட்களைப் பார்த்தால் இவர்கள் எல்லாரும் இப்படித்தான் வெளுப்பார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். நான் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு. ஆண் செருப்பு, பெரிய பாதம், குதிகால் மிதித்து மடிந்தது. மறந்து வைத்துவிட்டு வேறு செருப்பில் போயிருப்பானா? கடைக்காரனிடம் எத்தனை செருப்பு இருக்கும்? வெறுங்காலோடு ஓடியிருப்பானா இந்தக் கல் தரையில்? இல்லை துர்தானா, இல்லை, இவள் முகம் வெளுத்தது நம்மைப் பார்த்து இல்லை, அவன் ஓடவே இல்லை. செருப்பு. எனக்குத் தெரியும் இந்தச் செருப்பு என்ன செய்யும் என்று. ஆயிரம் மரத் தோட்டத்துக்கு நாங்கள் போன வருஷம், வசந்த காலம், ஒரு கிழத் தோட்டக்காரன் வாய்க்கால் ஓரமாகத் தூங்கிவிட்டான், காது மந்தம், துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. நாங்கள் கம்பளம் விரித்து வாதுமை தின்றுகொண்டிருந்தோம். மர்ஜான் ஆகாதான் கண்டுபிடித்தார், புல்லுக்குள் ஒரு செருப்பு கிடப்பதைப் பார்த்து. அந்தக் கிழவன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினான், எங்களைப் பார்த்ததும் சிரித்தான், சொர்க்கம் என்று நினைத்தானோ என்னவோ. அவ்வளவுதான். அன்று ராத்திரி மர்ஜான் ஆகா சாப்பிடவில்லை, அழுதார், என் எதிரில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார், நான் செய்யாவிட்டால் என் தலை போகும் பேகம் என்றார். நல்ல மனிதர். நாளைக்கும் செய்வார், செய்துவிட்டு அழுவார். அவரிடம் போய், ஆகா, இது என் பிள்ளை என்று சொன்னால்? சொன்னால் இன்னும் மோசம், மருந்துக் கடைக்காரனாக இருந்தால் ஒரு தடவை சாவான், என் பிள்ளை என்றால் இவளையும் இவள் வயிற்றில் இருப்பதையும் சேர்த்து. கால் தன்னால் நகர்கிறது. உடம்பைப் போர்த்தியிருக்கும் சாதரை இழுத்து, அசைந்து உட்காருவது மாதிரி, அந்தச் செருப்பின்மேல் என் துணியை விரித்துவிட்டேன். பட்டு, ஜரிகை, அதற்குக் கீழே அவன் செருப்பு என் கணுக்காலில் இடிக்கிறது. சகீனா பார்த்துவிட்டாள்.

பார்த்துவிட்டு அப்படியே மண்டியிட்டாள், என் முன்னால் ஒரு கிண்ணத்தை வைக்கிற சாக்கில், மூச்சிலேயே பேசுகிறாள். "பேகம், உங்க காலில் விழுறேன். நாலு நாளா காய்ச்சல், நேத்து இங்கேயே விழுந்துட்டார். என் அண்ணன்மார் விடிஞ்சதும் தூக்க வரணும்னு இருந்தாங்க, மதியம்தானே குரூக்குன்னு. அதுக்குள்ள வெடிச்சிட்டாங்க, தெருவை அடைச்சிட்டாங்க. கடையைப் பூட்டவும் விடலை, எல்லாக் கடையும் திறந்திருக்கணுமாம். அவருக்கு நினைவே இல்லை பேகம். ஒரு தப்பும் பண்ணலை." மதியம்தானே குரூக். மதியம்தான். எவளோ ஒருத்தி காலையிலேயே போக வேண்டும் என்று குதித்தாள், அதனால் இப்படி ஆகிவிட்டது. சாக்குத் திரை. எழுந்து ஏழெட்டு எட்டு வைத்தால் போதும். கையை நீட்டி விலக்கினால் முகம். முகம், யா அலி, முகம். எத்தனை முகம் போட்டுப் பார்த்திருக்கிறேன் அந்தச் சிவந்த காதுக்குப் பக்கத்தில், அப்பாவின் மூக்கு, என் நெற்றி, ஒவ்வொரு வருஷமும் அதை வளர்த்து, மீசை வைத்து, எந்த முகமும் ஒட்டவில்லை. நெற்றியில் கையை வைத்துப் பார்க்கலாம், எவ்வளவு சூடு என்று தெரியும். பெற்ற வயிறு சும்மா இருக்குமா, எழு, எழு என்கிறது. எழுந்தால் மர்ஜான் ஆகா பின்னாலேயே வருவார், பேகம் போகும் இடத்துக்கு முன்னால் அவர் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் அவர் வேலை, அவரே திரையை விலக்கிப் பிடிப்பார் எனக்காக. நான் பார்ப்பதும் அவர் பார்ப்பதும் ஒரே நேரம்தான் நடக்கும். உட்கார். உட்கார்ந்திரு. தொடையைக் கிள்ளிக்கொள்கிறேன் துணிக்குள். இந்தப் பக்கம் பார், சகீனாவைப் பார், கிண்ணத்தைப் பார். கிண்ணத்தில் என்னமோ விதை, பழுப்பு நிறம். இவ்வளவு பக்கத்தில் வந்தும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற தாய் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

இருமல். உள்ளேயிருந்து. காய்ந்த இருமல், நெஞ்சைக் கீறிக்கொண்டு வருவது. மர்ஜான் ஆகாவின் முதுகு அசைந்தது, திரும்புவதற்குள் நானும் இருமினேன், பெரிதாக, முகத்திரை பறக்க இருமினேன், இன்னொரு தடவை உள்ளே, இன்னொரு தடவை நான், அவன் எத்தனை இருமுகிறானோ அதன்மேல் நான் இருமுகிறேன், இருவருமாக இருமுகிறோம். "பேகம்!" என்று ஓடி வருகிறார் ஆகா. கையைத் தூக்கி அங்கேயே நிறுத்துகிறேன், இந்தக் கடைப் பொடி நெஞ்சில் ஏறிவிட்டது, கிட்ட வராதீங்க, உங்களுக்கும் இருமல் பிடிக்கும், என்கிறேன். இருமலுக்கு என்ன கொடுப்பாய் பெண்ணே என்று சகீனாவிடம் கேட்கிறேன், சத்தமாக. அவளுக்குப் புரிந்துவிட்டது, கெட்டிக்காரி, சத்தமாகவே சொல்கிறாள், இதோ பெஹ் பழத்து விதை பேகம், தண்ணியில் ஊறினா வழவழன்னு கஞ்சி மாதிரி வரும், கற்கண்டு போட்டுக் குடிக்கணும், நெஞ்சு இளகிடும். "எப்போ குடிக்கணும்?" விடிகாலையில் வெறும் வயித்துல. "பிடிவாதம் பண்ணாமல் குடிக்கணும், இல்லையா?" என்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது, திரையைப் பார்க்காமல் திரையிடம் பேசுகிறேன். "வாயை மூடிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? தலையில் ஈரத் துணி போடணும். வியர்த்தால் உடனே துடைத்துவிடணும், ஈரத்தோட படுக்கக்கூடாது. நாளைக்குப் பிள்ளை குட்டி என்று ஆகும், உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?" மர்ஜான் ஆகா ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டுகிறார், ஆமாம் பேகம், பார்த்துக்கணும் பேகம் என்று. சிரிப்பு வருகிறது, அழுகை வருகிறது, இரண்டையும் சேர்த்து இருமலாக ஆக்குகிறேன். இவ்வளவு பேசினேனே, அவன் காதில் விழுந்திருக்குமா? யாரோ ஒரு அதிகாரம் பண்ணுகிற கிழவி கத்துகிறாள் என்று காய்ச்சலுக்குள் நினைத்திருப்பானோ? நினைக்கட்டும், அதுவாவது நினைக்கட்டும். இருமல் நின்றுவிட்டது. ஒரு கணம் தெருவே அமைதியாக இருக்கிறது, வளையல் கடைப் பெண்கள்கூடப் பேசவில்லை. அந்த அமைதியில் உள்ளேயிருந்து, கரகரத்த குரலில், நீளமாக, வலியில் முனகுகிறான்.

"அம்மா..."

மர்ஜான் ஆகாவின் கோல் தரையில் தட்டியது. "யார் அது?" என்கிறார். குரலே மாறிவிட்டது, தோட்டத்தில் கேட்ட அதே குரல். கை இடுப்புக் கத்திக்குப் போகிறது, கண் திரைக்குப் போகிறது, ஒரு எட்டு வைத்துவிட்டார் உள்ளே. சகீனா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் என்னைத்தான் கூப்பிட்டான், இல்லை, என்னை இல்லை, பால் வாங்கி ஊட்டியவளைக் கூப்பிட்டான், வலியில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான், ஆனால் கேட்டது நான்தானே, இங்கே அந்த வார்த்தைக்கு உரியவள் நான் ஒருத்திதானே இருக்கிறேன், பிறந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்தது, அதற்கு என்னப்பா என்று ஒரு வாய் சொல்ல முடியாமல் பல்லைக் கடிக்கிறேன். "நான்தான்," என்கிறேன். தொண்டை இருமி இருமிக் கரகரத்துத்தான் கிடக்கிறது, அவன் குரல் மாதிரியேதான் வருகிறது, என் பிள்ளை குரல் இல்லையா அது. "நான்தான் ஆகா, நான்தான் முனகினேன். உடம்பு முடியாமல் போனால் அம்மா என்றுதானே வாயில் வருகிறது, எனக்கு மட்டும் வரக்கூடாதா?" சொல்லிவிட்டு, இன்னும் ஒரு தடவை, அவர் நம்ப வேண்டுமே என்று, கண்ணை மூடிக்கொண்டு, அவன் இழுத்த மாதிரியே இழுத்து, அம்மா என்கிறேன். மர்ஜான் ஆகா நின்றுவிட்டார். முகம் கரைந்துவிட்டது அவருக்கு, கத்தியிலிருந்து கை தானாக நழுவியது. "உங்க அம்மாவை எனக்குத் தெரியுமே பேகம்," என்கிறார், கண்ணெல்லாம் தண்ணீர், "இப்படித்தான் நீங்க குழந்தையில் கூப்பிடுவீங்க, காய்ச்சல் வந்தா, நான்தான் தூக்கிக்கிட்டு ஓடுவேன் அவங்ககிட்டே." ஆமாம் ஆகா, நீங்கதான். தூக்குங்க, என்னால் முடியவில்லை, வீட்டுக்குப் போவோம். "இளைய பேகங்கள் எல்லாம் இன்னும்..." எல்லாரும் போக வேண்டும், இப்போதே, ஒரு ஆள் இந்தத் தெருவில் பாக்கி இருக்கக்கூடாது, நான் செத்துப்போனால் தம்பிக்கு நீங்களா பதில் சொல்வீங்க, என்று சீறினேன், அதற்கு மட்டும் எங்கிருந்தோ குரல் வந்தது. எழுந்தபோது அந்தச் செருப்பைக் காலால் பலகைக்கு அடியில் தள்ளினேன், அவன் மிதித்த குதிகாலில் என் பாதம் பட்டது. சகீனா ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள், விதை, அவள் கை பனிக்கட்டியாக இருந்தது. மஞ்சள் ஒட்டியிருந்த கன்னத்தைத் தொட்டேன். பார்த்துக்கொள் என்றேன். எதை என்று அவளுக்குத் தெரியும், சொல்வது யார் என்று தெரியாது.

ஒட்டகப் பல்லக்கு ஆடுகிறது. இளையவர்கள் பின்னால் முணுமுணுக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு நாள், அதையும் இந்தக் கிழவி கெடுத்துவிட்டாள் என்று, காதில் விழுகிறது, விழட்டும். "இனிமே இந்தக் கடைத்தெருக் காத்து உங்களுக்கு ஆகாது பேகம்," என்று பல்லக்கோடு சேர்ந்து நடந்துகொண்டே சொல்கிறார் மர்ஜான் ஆகா, "ஷாகிட்டே நானே சொல்லிடறேன், இனி உங்களைக் கூட்டிட்டு வர வேண்டாம்னு. வைத்தியரும் அதைத்தான் சொல்வார்." சொல்லுங்க ஆகா என்கிறேன். சொல்லாமல் விட்டால் நான் மறுபடி அழுது காலைப் பிடித்து வருவேன், என்னை எனக்குத் தெரியும், நான் வந்தால் துப்பாக்கி வெடிக்கும், அவன் படுக்கையில் கிடந்தாலும் எழுந்து ஓட வேண்டும். சொல்லிவிடுங்க, உறுதியாகச் சொல்லிவிடுங்க. அரண்மனை வாசலுக்குள் நுழையும்போது தூரத்தில் வெடிச் சத்தம், குரூக் முடிந்தது, காவலை எடுத்துவிட்டார்கள். இப்போது சகீனாவின் அண்ணன்மார் ஓடி வருவார்கள், ஒருவன் தலைப்பக்கம், ஒருவன் கால்பக்கம், போர்வையோடு தூக்கி வீட்டுக்குக் கொண்டு போவார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் திரும்பி வருகிற இரைச்சல் கேட்கிறது, எத்தனை குரல், கூப்பிடுகிறார்கள், திட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஊர் என்றால் இப்படித்தான் இருக்குமா. கதவு மூடுகிறது. மர்ஜான் ஆகா சுடுதண்ணீர் வைக்கச் சொல்லிக்கொண்டு முன்னால் ஓடுகிறார். திரையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். அவன் கூப்பிட்டு எவ்வளவு நேரமாகிவிட்டது. யாருக்கும் கேட்காமல், உதட்டை மட்டும் அசைத்து, "என்ன கண்ணு," என்கிறேன். "என்னடா கண்ணு, என்ன வேணும்?"